உங்களுக்குத் தெரியுமா? வாழை மட்டையும் இரும்புச் சேனலும்

★ ஆனி, ஆடி மாதங்களில் சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து வாழைத் தோப்புக்குள் நின்றிருக்கிறீர்களா? மலை இடைவெளி வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று இலைகளைக் கிழித்துவிடும். மட்டைகளோ லேசாகத் திரும்பி, காற்று போகிற பக்கமே சாய்ந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். ஒரு மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், 'ப' எழுத்து தெரியும். மேலே திறந்த இந்த வடிவம் இலையின் பாரத்தில் வளையாத அளவுக்கு உரமானது. முறுக்கினால் மட்டும் இளகிக்கொடுக்கும். வாழையின் உறவான அபாக்காவின் மட்டையை அளந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. வெல்டிங் பட்டறையில் கிடக்கும் இரும்புச் சேனலும் படுக்கவைத்த 'ப' தான். வாழையைக் காப்பாற்றும் அதே குணம், சேனல் போட்ட கூரைச் சட்டத்தைச் சாய்த்துவிடும்.

★ தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் இரண்டு முழத் துண்டு ஒன்றை எடுத்து, இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. அதே துண்டில் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு ரம்பத்தால் அறுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். ஈரத்துணி பிழிவது போலத் திரும்பும். அறுத்த தூளைத் தவிர பைப்பில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் சுவர் 2 மில்லிமீட்டர் கனம் என்றால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ 700-இல் ஒரு பங்காக விழுந்துவிட்டது!

இப்போது அறுத்த இடத்தின் இரண்டு விளிம்புகளையும் கவனியுங்கள். ஒன்று முன்னே நகரும், மற்றது பின்னே போகும். தட்டையாக இருந்த பைப்பின் வாய் இனித் தட்டையாக இல்லை. பொறியாளர்கள் 'வார்ப்பிங்' என்று சொல்வது இதைத்தான். கோணிக்கொண்ட பலகையைப் பார்த்துத் தச்சர் சொல்லும் 'கோணல்' இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இங்கே அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

★ ஒரு கோடு அறுத்ததற்கு ஏன் இவ்வளவு தண்டனை? முழுப் பைப்பை முறுக்கும்போது அதன் சுவருக்குள் எழும் தகைவு, வட்டமாக ஒரே திசையில் சுற்றி வருகிறது. மையத்திலிருந்து அதற்கு மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஓடும் வசதி. கதவைக் கீல் பக்கம் தள்ளாமல் கைப்பிடிப் பக்கம் தள்ளுவது போல, தள்ளி நின்று பிடிப்பதால் குறைந்த விசையே போதும். அறுத்த பைப்பில் அந்தச் சுற்றோட்டம் அறுந்துபோகிறது. சுவரின் வெளிப்பக்கமாகப் போன தகைவு, விளிம்பில் முட்டி, அதே சுவரின் உள்பக்கமாகத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் நடுவே இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கீலுக்கு ஒட்டி நின்று கதவைத் தள்ளுகிற கதைதான்.

★ முறுக்கினாலும் கோணாத வடிவம் வட்டம். கிணற்று மோட்டாரின் ஷாஃப்ட் உருண்டையாக இருப்பதற்குச் சுழற்சி மட்டும் காரணமல்ல. முறுக்கைச் சுமக்க அதைவிட நேர்மையான வடிவம் இல்லை. கம்பியின் முறுக்கை 1784-இல் அளந்து சொன்னவர் பிரான்சின் கூலும். மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே கூலும்தான்.

★ சதுரக் கம்பியை முறுக்கினால் தகைவு எங்கே அதிகம்? மூலையில் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூலையில் அது சுழியம்! பக்கங்களின் நடுவில்தான் உச்சம். 1855-இல் வெளியான தம் நெடுங்கட்டுரையில் இதை நிறுவியவர் செயின்ட் வெனன்ட். அவருக்கு முன்பிருந்தவர்கள், வட்டத்துக்கு உண்மையானது எல்லா வடிவத்துக்கும் உண்மை என்று எண்ணி, முறுக்கிய சதுரத்தின் முகமும் தட்டையாகவே இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கோணலை விட்டுவிட்டதால் வந்த பிழை அது.

★ சோப்பு நுரையை வைத்து இரும்பை அளக்கலாம். தகட்டில் பீமின் குறுக்கு வடிவத்தைத் துளையாக வெட்டி, அதன்மேல் சோப்புப் படலம் பரப்பி, அடியிலிருந்து லேசாக ஊத வேண்டும். படலம் எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே முறுக்குத் தகைவு அதிகம். உப்பிய படலத்துக்குள் அடங்கும் கொள்ளளவு, அந்த வடிவத்தின் விறைப்பைச் சொல்லும். 1903-இல் ஜெர்மானியர் பிராண்டில் கண்ட ஒப்புமை இது. சேனல் வடிவத் துளையில் படலம் உப்பவே உப்பாது, ஒடுங்கிய சந்தில் அதற்கு இடம் ஏது?

★ 200 மில்லிமீட்டர் சேனல் இரண்டை (ஐ.எஸ்.எம்.சி. 200) தனித்தனியாகப் போட்டால் ஒரு விறைப்பு. அதே இரண்டையும் வாயோடு வாய் பொருத்தி, விளிம்பு முழுக்க வெல்டு ஓட்டிப் பெட்டியாக்கினால்? முனைகளை இறுக்கிக் கட்டுவதால் கிடைக்கும் பலத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 190 மடங்கு. இரும்பின் எடை அதேதான், கூடுதல் செலவு வெல்டிங் ராடும் கூலியும் மட்டும். ஒரு அடிக்கு ஒரு புள்ளி என்று டேக் வெல்டு வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது, வெல்டு இல்லாத இடமெல்லாம் அறுத்த பைப்தான். முதுகோடு முதுகு ஒட்டினாலும் செல்லாது. மூடிய பெட்டி அங்கே உருவாகவே இல்லையே!

★ சேனலின் நட்டநடுவில் பாரத்தை வைத்தாலும் அது முறுக்கிக்கொள்ளும். ஜெர்மனியின் கார்ல் பாக் 1909-இல் சேனல்களைச் சோதித்தபோது, வளைய வேண்டியவை வளைவதோடு திரும்பவும் செய்தன. எல்லோரும் குழம்பினார்கள். விடை 1921-இல் சுவிட்சர்லாந்தின் பாலக் கலைஞர் ராபர்ட் மாய்யாரிடமிருந்து வந்தது: முறுக்கு இல்லாமல் பாரம் ஏற்றக்கூடிய புள்ளி ஒன்று ஒவ்வொரு வடிவத்துக்கும் உண்டு, சேனலுக்கு அந்தப் புள்ளி இரும்புக்கு வெளியே, அதன் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றில் இருக்கிறது. 'ஷியர் சென்டர்' என்று அதற்குப் பெயர். 200 மில்லிமீட்டர் சேனலில் செங்குத்துச் சுவரிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் அது இருக்கும். ஆக, சுவருக்கு நேர்மேலே ஒரு டன் பாரத்தை வைத்தாலும், 3 சென்டிமீட்டர் கை போட்டு அந்தப் பாரம் சேனலைத் திருகும். மாய்யார் அதன்பின் 1930-இல் கட்டி முடித்த சால்ஜினாடோபெல் பாலத்தின் வளைவு, உள்ளே கூடான மூடிய பெட்டி வடிவம். முறுக்கை அறிந்தவர் தேர்ந்தெடுத்த வடிவம் என்றே அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

★ கோணலைத் தடுத்தாலே பீம் பலம் பெறும் என்பது இன்னும் ஆச்சரியம். ஐ பீமை முறுக்கினால் அதன் மேல் பட்டை ஒரு பக்கமாகவும் கீழ்ப் பட்டை எதிர்ப்பக்கமாகவும் சரியும். இரண்டு முனையும் சும்மா இருந்தால் பட்டைகள் தம் போக்கில் கோணிக்கொள்ளும். ஒரு முனையை அசையாத தடித்த தகட்டில் முழுதாக வெல்டு செய்துவிட்டால் அங்கே கோண முடியாது. அப்போது இரண்டு பட்டைகளும் இரண்டு தனி உத்தரங்கள் போலப் பக்கவாட்டில் வளைந்துதான் ஆகவேண்டும். பட்டை அகலமானது, அந்த வாக்கில் வளைக்கச் சிரமம். அந்தச் சிரமமே முறுக்குக்கு எதிரான புதுப் பலம். 1905 வாக்கில் இதைக் கணக்காக்கியவர் திமோஷென்கோ.

எண்ணாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும். நம் ஊர்க் கட்டடங்களில் போடும் ஐ.எஸ்.எம்.பி. 300 பீமை ஒரு முனையில் அப்படிக் கட்டி, மறுமுனையைப் பிடித்து முறுக்குவதாக வைத்துக்கொள்வோம். பீம் 1 மீட்டர் நீளம் என்றால், கட்டாமல் விட்டபோது திரும்பும் கோணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இப்போது திரும்பும். 3 மீட்டர் என்றால் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 10 மீட்டர் போனால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு திரும்பிவிடும், கட்டியதன் பலன் கரைந்துபோகும். இந்தப் பீமுக்கு அந்தப் பிடிப்பின் செல்வாக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நிற்கிறது. குட்டைப் பீமில் கொண்டாட்டம், நெட்டைப் பீமில் ஏமாற்றம்.

★ முனைப் பிடிப்பை நம் இந்தியத் தரநிலையும் மதிக்கிறது. ஐ.எஸ். 800-இன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில், முனைகளில் முறுக்கும் தடுக்கப்பட்டு, இரு பட்டைகளின் கோணலும் முழுதாகத் தடுக்கப்பட்டால், பக்கவாட்டுச் சரிவுக்கான கணக்கில் 10 மீட்டர் பீமை 7 மீட்டராக எடுத்துக்கொள்ளலாம். கோணலைத் தடுக்காவிட்டால் 10 மீட்டர் 10 மீட்டர்தான். வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு இருப்பது முனையில் வைக்கும் தகட்டின் கனத்திலும் வெல்டிலும். அந்த வெல்டை வைக்கும் கைகளுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

★ 'பைமொமென்ட்' என்றொரு விசித்திர அளவு உண்டு. விசையை நீளத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். இதிலோ நீளத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிராக வளையும் இரு பட்டைகளின் இழுபறியை ஒரே எண்ணில் சொல்ல ரஷ்யாவின் விளாசோவ் எடுத்தாண்ட அளவு இது. மெல்லிய சுவர் உத்தரங்கள் பற்றிய அவர் நூல் 1940-இல் வந்தது.

★ அதே 1940, நவம்பர் 7. அமெரிக்காவின் டகோமா தொங்கு பாலம் திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மணிக்கு 67 கிலோமீட்டர் அளவிலான காற்று, நம் ஆண்டிபட்டிக் கணவாய்க்காரர்களுக்கு அதிசயமான வேகமல்ல. கோபுரங்களுக்கு நடுவே 853 மீட்டர் நீளம் கொண்ட பாலத்தின் தளம் இடமும் வலமுமாக முறுக்கி முறுக்கி ஆடி, கடைசியில் நீரில் விழுந்தது. தளத்தின் இரு ஓரத்திலும் 2.4 மீட்டர் உயரத் தகட்டுச் சட்டங்கள், நடுவே சாலை. அடியில் மூடாத, திறந்த வடிவம். காற்றும் தளமும் ஒன்றையொன்று தூண்டிவிட்ட அந்த ஆட்டத்துக்கு எதிராக நிற்க அதனிடம் முறுக்கு விறைப்பு போதவில்லை. 1950-இல் மீண்டும் கட்டியபோது 10 மீட்டர் உயர டிரஸ் வைத்து, மேலும் கீழும் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, முறுக்குக்குப் பெட்டி போல நிற்கும்படி செய்தார்கள்.

★ கண்டமனூர், ஆண்டிபட்டிச் சாலையில் போகும்போது காற்றாலைக் கோபுரங்களைப் பாருங்கள். பழைய வகையில் ஆங்கிள் சட்டங்களால் பின்னிய கோபுரம் உண்டு; இப்போது வருபவை உருண்டைக் குழாய்கள். காற்று இறக்கைகளின் மேல் ஒரே சீராக மோதுவதில்லை. இடப்பக்கம் ஒரு வேகம், வலப்பக்கம் வேறு வேகம் என்றால் உச்சியிலிருந்து கோபுரமே முறுக்கப்படும். மூடிய வட்டம் அதை அலட்டிக்கொள்ளாமல் அடித்தளத்துக்கு இறக்கிவிடும். அடியில் ஆள் நுழையக் கதவு வெட்டியிருப்பார்கள் இல்லையா? அந்த இடத்தில் வட்டம் அறுபடுகிறது. அதனால்தான் கதவு நிலையைச் சுற்றித் தடித்த சட்டம் இருக்கிறது, வாசலும் மூலை இல்லாமல் வழுவழுப்பான வளைவாக இருக்கிறது.

★ திராட்சைப் பந்தலில் முறுக்குத் தொல்லை கிடையாது. கல்தூண்களுக்கு மேலே ஓடும் கம்பிக்குத் தெரிந்ததெல்லாம் இழுவை ஒன்றுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பாரம் முழுதும் அந்த இழுவையில் தொங்குகிறது.

★ கட்டட வேலையில் சாரம் கட்டுபவர்கள் கீறல் விழுந்த மூங்கிலை ஒதுக்குவார்கள். ஒரே ஒரு நெடுங்கீறல் போதும், மூங்கில் அறுத்த பைப் ஆகிவிடும். ஆனாலும் அறுத்த பைப்பைவிட அது மேல். கணுவுக்குக் கணு உள்ளே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறதே, அது கோணலைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது. பொறியாளர்கள் பெட்டிப் பாலத்துக்குள் இடையிடையே வைக்கும் குறுக்குச் சுவரும் வடிவம் குலையாமல் காக்கிற வேலையைத்தான் செய்கிறது.

★ 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010-இன் இறுதியில் நின்றுபோய், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. தண்டவாளமும் ஐ பீமின் உறவுதான்: மேலே கனத்த தலை, கீழே அகன்ற பாதம், நடுவே சுவர். வளைவில் போகும் சக்கரம் தலையைப் பக்கவாட்டில் தள்ளும். பாதத்தைக் கிளிப் விடாது. தலை ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் என்று தண்டவாளம் முறுக்கிக்கொள்ளும். தலையையும் பாதத்தையும் இரண்டு தனி உத்தரங்களாகப் பிரித்து இந்தக் கணக்கைப் போட்டவரும் மேலே சொன்ன திமோஷென்கோதான்.

★ சாக்பீஸை இரு விரலால் முறுக்கி ஒடித்துப் பாருங்கள். உடைந்த முகம் நேராக இருக்காது, 45 டிகிரியில் திருகாணி போலச் சுற்றியிருக்கும்.

★ கான்கிரீட்டும் சாக்பீஸ் போலத்தான் உடையும். சன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேடு, தன் பாரத்தால் லிண்டலைத் திருகப் பார்க்கும். லிண்டல் திட நீள்சதுரம் என்பதால் கோணல் சொற்பம், அதை விட்டுவிடலாம். திருகலை விட முடியாது. சுற்றிச் சுற்றி வரும் விரிசலைப் பிடித்து நிறுத்துவது, மூடிய ரிங்கும் மூலைக் கம்பிகளும். ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்காமல் 90 டிகிரியில் விட்டால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்து அறுத்த பைப் ஆகிவிடும். ஐ.எஸ். 456 (2000) இந்தத் திருகலைக் கூடுதல் வெட்டு விசையாக மாற்றிச் சேர்க்கச் சொல்கிறது. இன்னொன்று: லிண்டலுக்கு மேலே சுவர் ஏறி அதன் எடை அழுத்தும் வரை சன்ஷேடுக்குக் கொடுத்த முட்டுக்கால்களை எடுக்கவே கூடாது. எடுத்து, அப்படியே கவிழ்ந்து, கீழே நின்றவர்கள் உயிர்விட்டதாக எத்தனையோ செய்திகள் படித்தாயிற்று.

★ முறுக்குக்கு இளகலாக இருக்கவேண்டும் என்றே செய்யப்படும் இரும்பும் உண்டு: லாரி சேஸிஸ். குமுளி மலைப்பாதையில் ஏறும் லாரியின் முன் இடச்சக்கரம் மேட்டிலும் பின் வலச்சக்கரம் இன்னொரு மேட்டிலும் இருக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். சேஸிஸ் விறைப்பான பெட்டி என்றால் மற்றொரு சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதனால் நீளவாக்கில் இரண்டு திறந்த சேனல்கள், நடுவே ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். வாழை மட்டை காற்றுக்குக் கொடுப்பது போல அது சாலைக்குக் கொடுக்கும்.

இந்தக் குறுக்குச் சட்டங்களை எங்கே மாட்டுவது என்பதில்தான் நுட்பம். சேனலின் மேல், கீழ்ப் பட்டைகளோடு இறுக்கினால் கோணல் தடைபட்டு விறைப்பு கூடும். கூடவே மூட்டில் தகைவு குவிந்து விரிசலுக்கு வழி வைக்கும். நடுச்சுவரோடு மட்டும் மாட்டினால் பட்டைகள் தம் போக்கில் கோணிக்கொள்ளும். சேஸிஸின் பட்டையில் துளை போடாதே, வெல்டு வைக்காதே என்று லாரி கம்பெனிகள் வற்புறுத்துவது சும்மா இல்லை. பாடி கட்டும்போது அவசரத்தில் வைத்த ஒரு சின்ன வெல்டு, ஆயிரம் திருப்பங்களுக்குப் பிறகு வாய் திறக்கும்.

★ கடைசியாக, நம் தகரக் கொட்டகைகள். ஏலக்காய் ஸ்டோர், வாழைப்பழ மண்டி, கோழிப் பண்ணை, மில் குடோன் என்று பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. ஷீட்டைத் தாங்கும் மெல்லிய சி பர்லின், திறந்த வடிவம். ஷீட்டின் எடையும் மேலே ஏறும் ஆளின் எடையும் கீழ்நோக்கி அழுத்தும்போது பர்லினின் மேல் பட்டை நசுங்கும் விசைக்கு ஆளாகிறது. அதை ஷீட்டும் திருகாணியும் பிடித்திருப்பதால் ஆபத்து குறைவு. ஆடிக்காற்றில் கதை தலைகீழ். சரிவு குறைந்த கூரையின்மேல் ஓடும் காற்று அதை மேலே உறிஞ்சும். பக்கம் திறந்திருந்தால் உள்ளே நுழைந்த காற்றும் கீழிருந்து தூக்கும். இப்போது நசுங்குவது அடிப்பட்டை. அதைப் பிடிக்க யாருமில்லை. திருகாணியோ மேல் பட்டையின் நடுவில் இழுக்கிறது. ஷியர் சென்டர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பர்லின் வளைந்தபடியே முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சரியும்.

காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மதுரைக்குச் சொல்லும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். கணவாய் வாயில் கட்டும் கொட்டகைக்கு நில அமைப்பையும் பார்த்துப் பொறியாளர் அதைக் கூட்ட வேண்டியிருக்கும். பர்லின்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாக் ராடு என்ற மெல்லிய கம்பியைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிற கொட்டகைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. அந்தக் கம்பியும் அடிப்பட்டைக்கு ஒரு பிடிப்பும் சேர்ந்தால் முறுக்கும் நீளம் பாதியாகும்.

உங்கள் கொட்டகையில் பர்லின் சரிந்திருக்கிறதா என்று பார்க்க மேலே ஏற வேண்டாம். காற்று ஓய்ந்த ஒரு காலையில் உள்ளே, சுவரோரமாக நின்று, தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பர்லினின் அடிப்பட்டையை நீளவாக்கில் பாருங்கள். முனைகளில் நேராகவும் நடுவில் ஒரு பக்கம் ஒதுங்கியும் தெரிந்தால் அது முறுக்கத் தொடங்கிவிட்டது. இரு முனைக்கும் நடுவே நூல் இழுத்துக் கட்டினால் எத்தனை விரற்கடை என்றும் அளந்துவிடலாம்.